ஆர்க்கும் பூதகணமும்



விடுமுறைக்கு வந்த பேரன் கம்ப்யூட்டர் விளையாட்டில் 'ஆர்க்'குகளை வெட்டிக்கொண்டிருந்தான். "அவங்க என்னடா தப்பு பண்ணாங்க?" என்றேன். "ஆர்க்னாலே கெட்டவங்கதான் தாத்தா" என்றான்.

ஆர்க் என்ற பெயரைப் பழைய ஆங்கிலத்திலிருந்தும், குள்ளர்களின் பெயர்களை வட ஐரோப்பியப் பழம்பாடலிலிருந்தும் எடுத்தவர் டோல்கீன் என்ற பேராசிரியர். விளையாட்டுக்காரர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அவனைக் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். ராஜசிம்ம பல்லவன் கட்டி 1,300 ஆண்டுகள் ஆகின்றன. அங்கே தொந்தியும் தொப்பையுமாகக் குள்ளப் பூதகணங்கள், சிவனுக்கே பரிவாரம். நம்மூர் உலகளந்த பெருமாளும் குள்ள வாமனராக வந்தவர்தான். அவருக்குத் தானம் கொடுத்த மகாபலி அசுரன். ஆனாலும் வாக்குத் தவறாதவன். நடராஜர் காலடியில் கிடக்கும் முயலகன்கூட அறியாமையின் உருவம்தான். பிறவியிலேயே கெட்டவர் என்று ஒரு கூட்டத்தையே ஒதுக்குவது தவறு என்றேன்.

சொல்லும்போதே நெஞ்சு உறுத்தியது. ஒரு மாணவனை நான் வகுப்பில் "குட்டிப் பூதம்" என்று கூப்பிட்டிருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை.

தம்பி, இதைப் படித்தால் மன்னித்துவிடு. ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, எந்தப் பிள்ளைக்கும் பட்டப்பெயர் வைக்காதீர்கள்.