படம் பெரிதா, பறவை பெரிதா?

வெளிநாடு சென்று திரும்புவோரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "படங்கள் எங்கே?" என்பதுதான். சென்ற கோடை விடுமுறையில் பெற்றோருடன் சிங்கப்பூர் சென்ற சகோதரிகளாகிய நாங்கள் இருவரும், அக்கேள்விக்கு விடை சேர்க்கும் ஆவலில், அப்பாவின் கேமராவுடன் அங்குள்ள தாவரவியல் பூங்காவிற்குப் போனோம்.

அப்பூங்கா 1859-இல் தொடங்கப்பெற்றது. 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆர்க்கிட் தோட்டம் நீங்கலாக அனுமதி இலவசம். நகரின் நடுவே இருந்தாலும் மீன்கொத்தி, மாங்குயில், மைனா எனப் பறவைகளுக்குக் குறைவில்லை. கறுப்பும் வெள்ளையுமான இருவாய்ச்சி ஒன்றையும் மரவுச்சியில் கண்டோம்.

ஏரிக்கரையில் ஒரு கானாங்கோழி மேய்ந்துகொண்டிருந்தது. நம் ஊர்க் குளக்கரைகளில் திரியும் அதே வெண்மார்புக் கானாங்கோழிதான்! அதன் பின்னே கரித்துண்டுகள் போல மூன்று குஞ்சுகள். படம் பெரிதாக விழவேண்டுமென்று நாங்கள் நெருங்கி நெருங்கிச் சென்றோம். தாய் வெருண்டு புதருக்குள் ஓடியது. இரண்டு குஞ்சுகள் பின்தொடர்ந்தன. ஒன்று மட்டும் வழி தெரியாமல் கீச்சிட்டுக்கொண்டு நின்றது. வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம், அதையும் படம் எடுத்தோம்.

அருகிலிருந்த பெஞ்சில் ஒரு முதியவர் கேமராவுடன் அசையாமல் அமர்ந்திருந்தார். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. உதட்டில் விரல் வைத்து, பக்கத்தில் உட்காரும்படி கைகாட்டினார். உட்கார்ந்தோம். கால்மணி நேரம் கழித்துத் தாய் தானே வெளியே வந்து, எங்கள் கண்முன்னே குஞ்சை அழைத்துச் சென்றது. அப்போதுதான் அவர் கேமராவைத் தூக்கினார்.

படம் எடுப்பதே தவறு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பறவைகளின் பெயரறிந்து அன்புகொள்ளப் படங்கள் பெரிதும் உதவுகின்றன. ஆனால் பறவையின் நிம்மதியைக் குலைத்து எடுத்த படம், எவ்வளவு அழகாக இருந்தாலும் நல்ல படம் ஆகாது.

சிலர் தீனி போட்டுப் பறவையை வரவழைக்கிறார்கள். காட்டுயிர்களுக்கு உணவிடுவது சிங்கப்பூரில் 2020 முதல் சட்டப்படி குற்றம். சிலர் கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிடுகிறார்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று எண்ணி, அப்பறவை வீணாய்ப் பதறுகிறது. சிலர் கூட்டையே சூழ்ந்துகொள்கிறார்கள். இருவாய்ச்சிப் பெண்பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சிறு துவாரத்தின் வழியே ஆண்பறவை கொண்டுவந்து ஊட்டும் உணவே அதற்கு உயிர். மனிதக் கூட்டத்தைக் கண்டு ஆண்பறவை தயங்கினால், உள்ளே காத்திருக்கும் தாயும் சேயும் என்னாவது?

சிங்கப்பூரில் நெடுங்காலம் காணாமற்போயிருந்த இருவாய்ச்சி, 1994-இல் புலாவ் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. அங்குள்ளவர்கள் அதற்கெனக் கூட்டுப்பெட்டிகள் அமைத்து அதைப் பெருகச் செய்தனர். அவ்வாறு மீட்ட பறவையை நம் ஒரு நொடி ஆசைக்காக விரட்டலாமா?

தோழிகளே! அயல்நாட்டுப் பூங்காவானாலும் நம் வேடந்தாங்கலானாலும், பறவையின் வீட்டிற்கு நாம் விருந்தாளிகள். விருந்தாளி கதவை இடித்துக்கொண்டு நுழைவதில்லை. தூரத்தில் நிற்போம், காத்திருப்போம். பறவை அஞ்சினால் பின்வாங்குவோம்.

தனித்து நின்ற குஞ்சின் படத்தை நாங்கள் அழித்துவிட்டோம். பெஞ்சிலிருந்து எடுத்த படமொன்று இருக்கிறது. அதில் தாயும் குஞ்சும் மிகச் சிறிதாகத்தான் தெரிகின்றன. "படங்கள் எங்கே?" என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் காட்டுகிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி