துருத்தி பூட்டிய மோட்டார் வண்டி

கொல்லன் துருத்தியை அழுத்தியதும் உலைத்தீ கொழுந்துவிடுகின்றது. காற்று மிகுந்தால் எரிதலும் மிகும். இவ்வுண்மையைப் பயன்படுத்திய வண்டிகளுள் ஒன்று, அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் 1962ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த 'அவந்தி' என்னும் இருகதவுக் கார்.

அதன் 4.7 லீற்றர் கொள்ளளவுள்ள எட்டு உருளை இயந்திரம் இயல்பாக 240 பரிவலு தந்தது. விரும்பினோர் 'சூப்பர்சார்ஜர்' பூட்டிய வகையை வாங்கலாம். அதில் இயந்திரமே பட்டியொன்றினால் விசிறியைச் சுழற்றும். விசிறி காற்றை நெருக்கி உட்செலுத்தும். பெற்றோலும் கூடுதலாக எரியும். வலுவோ 289 ஆக உயரும்!

வேகத்தைப் பெருக்கியோர் அதனை அடக்கவும் மறந்தாரல்லர். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் அமைத்தனர். ரேமண்ட் லோவியின் குழுவினர் வடிவமைத்த கூடு கண்ணாடி நாரிழையாலானது.

அக்கூடே இடையூறுமாயிற்று. குறைபாடற்ற கூடுகள் உரிய வேளையிற் கிடைக்கவில்லை. முன்பதிவு செய்தோர் பலர் காத்திருந்து சலித்து வேறு கார் வாங்கினர். ஐயாயிரம் வண்டிகள்கூட முடியுமுன், 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் நகரத் தொழிற்சாலை மூடப்பட்டது. 1852இல் குதிரை வண்டித் தொழிலில் இறங்கிய சகோதரர்களின் நிறுவனம் அது.

மாணவர்களே, சிறந்த பொருளைச் செய்தால் மட்டும் போதாது. அது காலத்திற் கைசேரவும் வேண்டும்.