ஆடுபுலி ஆட்டமும் நடுக்குவாதமும்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல் துறை

விளையாட்டு என்றதும் நம் கல்லூரியில் யாருக்கும் நினைவுக்கு வருவது கைப்பந்துத் திடலும், ஆண்டு விழாவில் கொடுக்கும் கோப்பையும்தான். நான் எழுத வந்திருப்பது வேறு விளையாட்டு. அதற்குத் திடல் வேண்டாம், திண்ணை போதும். ஆட்டக்காரருக்கு வயது 72. அவர் என் தாத்தா. நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய் என்னும் நடுக்குவாதத்துடன் வாழ்ந்து வருகிறார்.

சென்ற ஆண்டு வரை எங்கள் வீட்டில் தாத்தா எந்த ஆட்டமும் ஆடக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆனால் அதைப் போட்ட பாட்டியின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

சங்கிலியும் குறுக்குக்கட்டையுமாக ஊர் ஊராய் நிலம் அளந்த காலத்திலும் தாத்தா ஒரு பைசா வைத்துச் சூதாடியவர் அல்லர். அப்படிப்பட்டவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் திடீரென்று சீட்டாட்டத்தில் விழுந்தார். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். இரண்டு மாத ஓய்வூதியம் போயிற்று. பிறகு பாட்டியின் வளையல் ஒன்று அடகுக்குப் போனது தெரிய வந்தது. வீட்டில் நடந்த சண்டையை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. "இந்த வயசுல உங்களுக்கு ஏன் இந்தப் புத்தி?" என்று அம்மா கேட்டதற்குத் தாத்தா, "தெரியலைம்மா" என்று மட்டும் சொன்னார். அதை அன்று நாங்கள் யாரும் நம்பவில்லை.

அவர் சொன்னது உண்மை. இந்த நோயில் மூளையின் நடுப்பகுதியில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிகின்றன. அதை ஈடு செய்யக் கொடுக்கும் மருந்துகளில் டோபமினைப் போலவே நடித்து வேலை செய்யும் ஒரு வகை உண்டு. பிராமிபெக்சோல் அவற்றில் ஒன்று. இவ்வகை மருந்துகள் சிலருக்குச் சூதாட்ட வெறியை உண்டாக்கும். சிலர் தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவிப்பார்கள். மருத்துவ உலகம் நன்கறிந்த பக்கவிளைவு இது. நாங்கள்தான் அறியவில்லை, யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவும் இல்லை. மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றியபின் சில மாதங்களில் அந்த வெறி வந்த வழியே போய்விட்டது. (இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவரின் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.)

வெறி போயிற்று, தடை போகவில்லை. சீட்டுக்கட்டோடு தாயக்கட்டை, பல்லாங்குழி, சதுரங்கப் பலகை எல்லாம் பரணில் ஏறின. தாத்தா நாற்காலியில் அமர்ந்து சுவரைப் பார்க்கத் தொடங்கினார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், அவர் காதுபடவே, "இவருக்கு இனிமே ஒண்ணும் ஏறாது" என்றார். தாத்தாவின் முகம் மாறவில்லை. முகத்தசைகள் இறுகிப்போவதும் இந்நோயின் அடையாளம். உள்ளே என்ன நடந்தாலும் முகம் காட்டிக்கொடுக்காது. அதனால் அவருக்கு உறைக்கவில்லை என்று உறவினர் எண்ணிக்கொண்டார்.

"ஒன்றும் ஏறாது" என்பது சரிதானா? இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதினார். ஆறே பேரைக் கண்டு எழுதிய சிறு நூல் அது. அவர்களுள் சிலரைத் தெருவில் கண்டவர்தாம். புலன்களுக்கும் அறிவுக்கும் இதனால் கேடில்லை என்று அவர் எழுதினார். அதில் அவர் முழுதும் சரியல்லர் என்று பின்வந்தோர் கண்டனர். பலருக்குச் சிந்தனையிலும் ஒரு தடுமாற்றம் வருகிறது. ஆனால் அது நம் உறவினர் நினைக்கும் மறதி அன்று. திட்டமிடுவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, இரண்டை ஒரே நேரத்தில் கவனிப்பது ஆகியவையே முதலில் தளர்கின்றன. "நேற்று யார் வந்தார்கள்?" என்று தாத்தாவிடம் கேட்டால் விழிப்பார். "தபால்காரரா, பால்காரரா?" என்று கேளுங்கள், "தபால்காரர், குடை இல்லாம நனைஞ்சுட்டு வந்தார்" என்பார். பெட்டியில் பொருள் இருக்கிறது. சாவி போடக் கொஞ்சம் நேரம் ஆகிறது, அவ்வளவே.

இந்த நிலையில்தான் வெளிநாட்டிலிருக்கும் மாமா ஒரு கைக்கணினி அனுப்பினார். மூளைக்குப் பயிற்சி தரும் விளையாட்டுகள் அதில் நிறைய இருந்தன. மாதா மாதம் சந்தா வேறு. பணம் வைக்காத ஆட்டம் என்பதால் பாட்டியும் இசைந்தார். மூன்றே நாள். நடுங்கும் விரல் ஒரு முறை தொட்டால் அந்தத் திரை மூன்று முறை தொட்டதாகக் கொண்டது. மேலே கடிகாரம் ஓடியது. தவறினால் ஓர் அபசுரம் எழுந்தது. நான்காம் நாள் தாத்தா அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அவருக்கு முயற்சி போதவில்லை என்று நான் கோபித்துக்கொண்டேன். அந்தக் கோபத்தை நினைத்தால் இன்று வெட்கமாயிருக்கிறது.

அதன் பிறகுதான் இத்தகைய பயிற்சிகளால் உண்மையில் என்ன பயன் என்று தேடிப் படித்தேன். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு ஏழு சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நோய் முற்றாத 272 பேர் அவற்றில் பங்குகொண்டிருந்தார்கள். ஒரு செய்தியை மனத்தில் தற்காலிகமாக நிறுத்திக் கையாளும் திறன், சிந்தனை வேகம், திட்டமிடல் ஆகியவற்றில் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. பொதுவான அறிவுத்திறனில் இல்லை. சிந்தனைத் தடுமாற்றம் ஏற்கெனவே தெரியத் தொடங்கிவிட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு 2020-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீடோ, ஏழு சோதனைகளையும் 225 பேரையும் ஆராய்ந்து, பயன் உண்டு என்று சொல்லப் போதிய சான்றில்லை என்றது.

வியாபாரிகள் இவ்வளவு தயங்குவதில்லை. 'லூமோசிட்டி' என்னும் மூளை விளையாட்டுகளை விற்ற நிறுவனம், முதுமையில் வரும் அறிவுத்தளர்ச்சியைத் தள்ளிப்போடலாம் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க நடுவண் வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016-இல் அந்நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. விளம்பரக்காரர்களுக்கு வாய்ப்பான இன்னொரு செய்தியும் உண்டு. 1998-இல் இலண்டன் ஆய்வாளர்கள், ஒளித்திரையில் டாங்கி ஓட்டும் விளையாட்டை ஆடுகையில் மூளையில் டோபமின் சுரப்பதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். ஆடியவர்கள் எட்டு ஆண்கள். எட்டுப் பேரும் நோயற்றவர்கள். ஊற்று நன்றாயிருக்கும் கிணற்றில் நீர் ஊறியதைக் காட்டி, தூர்ந்த கிணற்றிலும் ஊறும் என்று சொல்ல முடியுமா?

ஆகவே விளையாட்டை மருந்து என்று விற்பவர்களை நான் நம்பவில்லை. ஓர் ஆட்டத்தில் தேர்ந்தவர் அந்த ஆட்டத்தில் தேர்ந்தவர். அதனால் மட்டும் அவர் வைத்த இடத்தில் ரேஷன் அட்டையைக் கண்டெடுத்துவிடுவார் என்பதற்கில்லை. உடலுக்குத்தான் வேண்டுமென்றால் நடையும் உடற்பயிற்சியும் இவற்றைவிட உறுதியான சான்று பெற்றவை. அப்படியானால் பரணிலிருந்து பலகையை ஏன் இறக்கச் சொன்னாய் என்று பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. என் விடை இது: அறுபது ஆண்டுகளாக ஆடிய ஒரு மனிதரிடமிருந்து ஆட்டத்தைப் பிடுங்குவதற்குத்தான் காரணம் வேண்டும், திருப்பிக் கொடுப்பதற்கு வேண்டியதில்லை. நோய் தளர்த்தும் திறன் எதுவோ அதையே கேட்கிற ஆட்டமாகவும், எதிரே ஒரு மனிதர் அமர்ந்திருக்கிற ஆட்டமாகவும் இருந்துவிட்டால் வேறென்ன வேண்டும்?

ஆடுபுலி ஆட்டம் அப்படிப்பட்டது. மூன்று புலி, பதினைந்து ஆடு, கோடுகள் கூடும் இருபத்து மூன்று புள்ளிகள். ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். எல்லா ஆடும் இறங்கும்வரை வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. புலி ஆட்டைத் தாண்டினால் ஆடு போயிற்று. ஆடுகள் சூழ்ந்து புலிகளை அடைத்தால் புலி தோற்றது. அவசரப்பட்டால் ஆடு பிழைக்காது. அடுத்த மூன்று நகர்வுகளை மனத்தில் வைத்திருந்தே ஆக வேண்டும். பல்லாங்குழியையும் முயன்றோம். கணக்கெல்லாம் தாத்தாவுக்குத் துல்லியம். "நாலு சேர்ந்துடுச்சு, பசு" என்று என்னை முந்திக்கொண்டு சொல்வார். ஆனால் சோழியைக் கிள்ளி எடுத்துக் குழிக்கு ஒன்றாய்ப் போடுவது அந்த விரல்களுக்குத் தண்டனையாயிருந்தது. விட்டுவிட்டோம்.

ஆடுபுலியையும் அவருக்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. ஒரு பழைய கரும்பலகையைக் கிடத்தி வெள்ளைச் சுண்ணக்கட்டியால் பெரிதாக வரைந்தேன். நிற வேறுபாடு மங்கலாயிருந்தால் இந்நோயாளிகளின் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. கோட்டை நான் கோணலாகப் போட்டேனென்று பழைய சர்வேயர் இருமுறை அழிக்கச் சொன்னார்! ஆடுகளாகச் சோடா மூடிகள்; புலிகளாக மருந்துப்புட்டியின் பெரிய மூடிகள். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில்தான் ஆடுகிறோம். அதன் வேகம் அடங்கிய நேரத்தில் ஆடினால் அவருக்கு வருத்தமே மிஞ்சும். அவர் யோசிக்கும்போது பேச்சுக் கொடுப்பதில்லை. கடிகாரம் இல்லை. காசு அறவே இல்லை. பந்தயம் என்றால் புளியங்கொட்டைதான்.

எல்லாவற்றிலும் கடினமானது எதுவென்றால், அவர் காயை நாம் நகர்த்தாமலிருப்பது. கை நடுங்கி மூடி இரண்டு புள்ளிகளுக்கிடையே தத்தளிக்கும்போது நம் கை தானாகவே நீளும். "நான் வைக்கிறேன் தாத்தா" என்று சொல்லத் தோன்றும். அதைச் சொல்லித்தான் முன்பு அவரைத் தாயத்திலிருந்து நாங்கள் மெல்ல மெல்ல வெளியேற்றியிருந்தோம். சீட்டு விவகாரத்துக்கு முன்பே அது நடந்துவிட்டது என்பதை இப்போதுதான் உணர்கிறேன். சட்டம் போட்டது மட்டுமே பாட்டி.

இதனால் அவர் நோய் குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு, இல்லை. இந்த ஆண்டு நடை இன்னும் சுருங்கியிருக்கிறது, குரலும் தணிந்துவிட்டது. வாரம் நான்கு நாள் ஆடுகிறோம். அந்த நாள்களில் மாலையாகும் முன்பே சட்டை மாற்றிக்கொண்டு திண்ணையில் வந்து அமர்ந்திருப்பார்.

சென்ற ஞாயிறன்று அவர் ஆடு, நான் புலி. பதினோராவது ஆட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். அடுப்பங்கரையிலிருந்து வந்த பாட்டி, "இன்னுமா யோசனை?" என்று கேட்டபடி தூணோரம் உட்கார்ந்தார். கை மெல்ல இறங்குவதைக் கண்டதும், "ஏங்க, அங்கே வைக்காதீங்க, புலி பாயும்" என்றார். பாட்டிக்கு இந்த ஆட்டம் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"தெரியும்" என்று தாத்தா முணுமுணுத்தார். ஆட்டை அதே இடத்தில் வைத்தார். நான் பாய்ந்தேன். ஆடு விழுந்தது. தாத்தா அடுத்த மூடியை எடுத்து, நான் விட்டுவந்த புள்ளியில் மெதுவாக வைத்தார். என் புலிக்கு வந்த வழியும் இல்லை, போகும் வழியும் இல்லை. பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். தாத்தாவின் முகம் வழக்கம்போல் அசையவில்லை. இன்னொரு மூடிக்காகக் கையை நீட்டினார்.