நாயும் நற்சாட்சிப் பத்திரமும்

2018ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் நியூவாக் விமான நிலையத்துக்கு ஒரு பெண் மயிலொன்றுடன் வந்தார். அது தமக்கு மன ஆறுதல் தரும் பிராணி, ஆகவே தம்முடன் அதுவும் பிரயாணஞ் செய்ய வேண்டும் என்றார். விமானக் கம்பனி மறுத்துவிட்டது. சில நாட்களுக்குள் உலகப் பத்திரிகைகள் அந்த மயிலைப் படம்போட்டுச் சிரித்தன. நாமும் சிரித்தோம், மறைப்பானேன்? ஆனால், அந்தச் சிரிப்பின் விலையைக் கொடுத்தவர்கள் மயில் வளர்ப்போர் அல்லர். இன்று அமெரிக்கச் சர்வகலாசாலையொன்றில் தன் நாயுடன் விடுதிப் படியேறும் மாணவி ஒவ்வொருத்தியும் அந்த மயிலின் நிழலிலேதான் ஏறுகிறாள். 'இவளுக்கு உண்மையில் என்ன குறை?' என்று அவளைப் பார்க்கும் கண்களெல்லாம் கேட்கின்றன.

இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. அமெரிக்காவில் அங்கவீனர் உரிமைச் சட்டம் 1990இல் நிறைவேறியது. 2011 முதல் நடைமுறையிலுள்ள அதன் விதிகளின்படி, சேவைப் பிராணி என்பது நாய் மட்டுமே. (பயிற்றப்பட்ட சிறுகுதிரைக்கும் ஒரு தனி விதி உண்டு, சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.) அந்த நாய் தன் எசமானரின் குறைக்கு நேரடியாக உதவும் ஒரு வேலையைச் செய்யப் பயின்றிருக்க வேண்டும். பார்வையற்றவருக்கு வழி காட்டலாம். வலிப்பு வந்தவரின் அருகே நின்று காக்கலாம். மனப்பீதி மூண்டவரைத் தொட்டு உலுக்கி நிலைக்குக் கொண்டுவரலாம். எனவே கோடு உடலுக்கும் உள்ளத்துக்கும் இடையில் போடப்படவில்லை. பயிற்சிக்கும் பயிற்சியின்மைக்கும் இடையிற்றான் போடப்பட்டிருக்கிறது. இத்தகைய நாய் விரிவுரை மண்டபத்துக்கும் போகலாம், போசனசாலைக்கும் போகலாம். தேவை வெளிப்படையாகத் தெரியாவிட்டால் அதிகாரிகள் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: இது அங்கவீனங் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா? எந்த வேலைக்குப் பயிற்றப்பட்டது? பத்திரம் கேட்கவோ, வித்தை காட்டச் சொல்லவோ அவர்களுக்கு உரிமையில்லை.

மன ஆறுதற் பிராணியின் நிலை வேறு. அதற்குப் பயிற்சி வேண்டியதில்லை. வகுப்பறையில் அதற்கு இடமும் இல்லை. அதன் உரிமை வீட்டுவசதிச் சட்டத்திலிருந்து வருவது. இனப் பாகுபாட்டைத் தடுக்க 1968இல் பிறந்த அச்சட்டம், 1988இல் அங்கவீனரையும் தன்னுள் அணைத்துக்கொண்டது. குடியிருக்கும் இடத்தில் மாத்திரம் அப்பிராணிக்கு இடமுண்டு. அதற்கும் வைத்தியரின் கடிதத்தைக் கேட்கலாம்.

அப்படியானால் விடுதி குடியிருப்பா, அல்லவா? நெப்ராஸ்காச் சர்வகலாசாலையின் கேர்ணி வளாகம் 'அல்ல' என்று வாதாடியது. மனப்பதற்றத்தால் வருந்திய மாணவியொருத்தி, சிறிய நாயொன்றைத் தன்னுடன் வைத்திருக்க அனுமதி கேட்டாள். நிர்வாகம் மறுத்தது. 2011இல் மத்திய அரசே வழக்குத் தொடுத்தது. மாணவர்கள் வந்துபோகிறவர்கள், ஆகவே அவர்கள் தங்குமிடம் வீடாகாது என்றது நிர்வாகம். இந்த வாதத்தின் இலட்சணத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வாடகை வாங்கும்போது வீடு, உரிமை கேட்கும்போது சத்திரம்! 2013இல் நீதிமன்றம் அதை நிராகரித்து, மாணவர் விடுதியும் குடியிருப்பே என்று தீர்த்தது. 2015இல் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் டொலர் கொடுத்து நிர்வாகம் சமரசத்துக்கு வந்தது. ஒரு சின்ன நாய்க்கு எதிராக நான்கு வருடம் வழக்காடுவதற்குப் பணம் இருந்ததென்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இவ்வுரிமைகள் எவருடைய தயவிலும் வந்தவை அல்ல. இளம்பிள்ளை வாதத்தால் முடங்கிய எட் ரொபேட்ஸ் 1962இல் பேர்க்லி சர்வகலாசாலைக்கு வந்தபோது, அவருடைய இரும்புச் சுவாசப் பெட்டியின் பாரத்தைத் தாங்க விடுதித் தளங்களால் இயலவில்லை. அவர் வளாக ஆஸ்பத்திரியில் குடியிருந்தே படித்தார். அரசாங்கப் பணம் பெறும் நிறுவனங்கள் அங்கவீனரை ஒதுக்கக்கூடாதென்ற சட்டம் 1973இல் வந்தது. ஆனால் அதைச் செயற்படுத்தும் விதிகள் நான்கு வருடம் மேசையில் உறங்கின. 1977 ஏப்பிரல் 5ஆந் திகதி, சக்கர நாற்காலியினரும் பார்வையற்றோரும் செவிப்புலனற்றோரும் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள அரசாங்கக் கட்டிடத்துக்குள் புகுந்து உட்கார்ந்தனர். ஏறத்தாழ நான்கு வாரம் அவர்கள் அங்கிருந்து அசையவில்லை. கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தனர். ஏப்பிரல் 28இல் அமைச்சர் கையொப்பமிட்டார்.

இத்தனை பாடுபட்டுப் பெற்றதை இன்று வியாபாரி விற்கிறான். இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பிப் பணத்தைச் செலுத்தினால், முன்பின் கண்டிராத ஒருவரின் கையொப்பத்துடன் கடிதம் வருகிறது; நாய்க்கு அடையாள அட்டையும் மேலங்கியும் வேறு! அந்த அட்டைகளுக்குச் சட்டத்தில் எவ்வித மதிப்பும் இல்லை. கலிபோர்ணியா 2021இல் ஒரு சட்டம் இயற்றி, நாய்க்கான கடிதம் எழுதுமுன் வைத்தியர் அந்த நபருடன் குறைந்தது முப்பது நாள் தொடர்பு கொண்டிருக்க வேண்டுமென்றது. நல்லதுதான். ஆனால் வைத்தியரை ஒரு தடவை பார்ப்பதற்கே காசில்லாத மாணவன் முப்பது நாளுக்கு எங்கே போவான்? பொய்க் கடிதத்தைத் தடுக்கக் கட்டும் வேலி மெய்யான வறியவனையே முதலில் தடுக்கிறது. வசதி படைத்தவன் அதையும் காசு கொடுத்துத் தாண்டிவிடுவான். 2020 டிசெம்பரில் விமானப் பிரயாணத்துக்கு வந்த புதிய விதி, மன ஆறுதற் பிராணிகளை ஏற்கும் கடமையிலிருந்து கம்பனிகளை அடியோடு விடுவித்தது. ஏமாற்றியவர்களோடு ஏமாற்றாதவர்களும் சேர்ந்தே இறக்கப்பட்டனர்.

பொய்யால் விளையும் தீங்கு சிறிதென்று நாம் சொல்லவில்லை. பயிற்சியற்ற நாயொன்று வழிகாட்டி நாயின்மேற் பாய்ந்தால், பாதையைக் காணாது நடுவில் நிற்பவர் பார்வையற்றவர்தான். ஒவ்வாமையால் மூச்சுத் திணறும் அயலறை மாணவனுக்கும் நியாயமுண்டு. பிராணியின் துணை மனநோயை எவ்வளவு தூரம் தணிக்கிறதென்பதற்கு விஞ்ஞானச் சான்றுகள் இன்னும் வலுவாக இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம்: காலை முதல் மாலைவரை ஒடுங்கிய அறையொன்றில் அடைபட்டுக் கிடக்கும் நாயின் ஆறுதலைப் பற்றி எந்தக் கடிதமும் பேசுவதில்லை.

ஆனால் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, 'இக்காலத்துப் பிள்ளைகள் நொய்ந்தவர்கள்' என்று முடிவு கட்டும் ஆசிரியர்களோடு நமக்கு உடன்பாடில்லை. வழிகாட்டி நாய்க்கான முதற் பயிற்சிக்கூடம் 1916இல் ஜேர்மனியின் ஒல்டன்பேர்க் நகரில் ஏற்பட்டது. உலக யுத்தத்தில் கண்ணிழந்த போர்வீரருக்காக. யுத்தத்துக்கு அனுப்பிய சமுதாயம், குருடாகித் திரும்பியவனிடம் 'நீ நொய்ந்தவன்' என்று சொல்லத் துணியவில்லை. கல்விக்காகக் கடன் சுமந்து, ஊரையும் உறவையும் பிரிந்து, அந்நியர் நடுவே நித்திரையின்றிக் கிடக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் மாத்திரம் அதைச் சொல்லலாமா?

பொய்க் கடிதங்களைப் பற்றிக் கூக்குரலிடும் நிர்வாகிகள் முதலில் தம் வளாகத்திலேயே, கட்டணமின்றி, மாணவரைப் பரிசோதித்துக் கடிதம் தரவல்ல வைத்தியரை நியமிக்கட்டும். உளநல ஆலோசகரின் வாசலில் வாரக்கணக்காகக் காத்திருக்கச் செய்துவிட்டு, அந்த இடைவெளியில் பிள்ளை ஒரு நாயைக் கட்டிக்கொண்டு அழுதால், அந்த நாயின் பத்திரத்தை ஆராய்வதற்கு அவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?