யாரால் புறக்கணிக்கப்பட்ட நோய்?

அண்மையில் நான் பணியாற்றும் கல்லூரியில் இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்று நடந்தது. 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களும் தடயவியல் உயிர்த்தொழில்நுட்பமும்' என்பது தலைப்பு. அறிவியல் துறைகள் கூடி நடத்திய அவ்விழாவில் தமிழாசிரியனான எனக்கு இரண்டே வேலைகள். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மாணவியரை ஆயத்தப்படுத்துவது ஒன்று; அழைப்பிதழின் தமிழ்ப் பக்கத்தில் ஒற்றுப்பிழை பார்ப்பது மற்றொன்று. இரண்டாவது வேலையைச் செய்துகொண்டிருந்தபோதுதான் 'புறக்கணிக்கப்பட்ட' என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது.

செயப்பாட்டுவினைப் பெயரெச்சம். செயப்பாட்டுவினையில் செயப்படுபொருள் எழுவாயாகும். வினைமுதல் மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' உருபை ஏற்று ஓரமாக நிற்கும். விரும்பினால் அதை விட்டுவிடவும் செய்யலாம். அரசாணைகளும் அறிக்கைகளும் இந்த வினைவடிவை இவ்வளவு நேசிப்பதன் காரணம் இதுதான். 'குடிசைகள் அகற்றப்பட்டன' என்று எழுதினால் அகற்றியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 'புறக்கணிக்கப்பட்ட நோய்கள்' என்னும்போதும் அப்படியே. புறக்கணிப்பு ஏதோ அந்நோய்களின் பிறவிக்குணம் போலவும், கொசுவோடும் மழையோடும் சேர்ந்து வந்தது போலவும் ஒரு மயக்கம் உண்டாகிறது. யாரால் என்ற கேள்வி வாக்கியத்துக்கு வெளியே நிறுத்தப்படுகிறது.

அந்தக் கேள்வியை உள்ளே கொண்டுவந்தவன் என் மாணவன். இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு படிப்பவன். முந்தைய ஆண்டு ஐப்பசி மழையில் அவன் தாயார் வீட்டுத் தரையில் பாய் விரித்து உறங்கியிருக்கிறார். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவருக்குச் சற்று நேரத்தில் இமைகள் கனத்துச் சரிந்தன, பேச்சுக் குழறியது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே மூச்சு நின்றது. காவல்துறை வந்தது, உடற்கூறாய்வு நடந்தது, உள்ளுறுப்புகள் சோதனைக்குச் சென்றன. எட்டு மாதங்கள் கழித்து வந்த அறிக்கையில் ஒரு வரி: 'நச்சுப்பொருள் எதுவும் கண்டறியப்படவில்லை.' கவனியுங்கள், இதுவும் செயப்பாட்டுவினை. நிவாரணம் கோரிய மனு திரும்பி வந்தது. அதைவிடக் கொடியது ஊரின் வாய். அந்த அம்மாள் தாமே எதையோ குடித்துவிட்டார் என்று சிலரும், கொடுக்கப்பட்டது என்று வேறு சிலரும் பேசினார்கள்.

அவன் கருத்தரங்கில் எழுந்து நின்று கேட்டான்: "ஐயா, பாம்பு கடித்து இறந்தவர் உடம்பில் அந்த விஷத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையை நம் பக்கத்தில் எங்கே செய்கிறார்கள்?" மேடையிலிருந்தவர் நல்ல கேள்வி என்றார். நேரமின்மையால் தேநீர் இடைவேளையில் பேசலாம் என்றார். தேநீர் வந்தபோது அவருடைய கார் போய்விட்டிருந்தது.

அவர் சொல்லாத விடையை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். தடய அறிவியல் கூடங்களின் வழக்கமான வேதிச் சோதனைகள் பூச்சிக்கொல்லி, ஆர்சனிக், சயனைடு, தூக்க மருந்து ஆகியவற்றைத் தேடுவதற்கானவை. பாம்பின் நஞ்சோ புரதங்களின் கலவை. எதிர்ப்புரதங்களைக் கொண்டு செய்யும் சோதனையில்தான் அது பிடிபடும். எனவே 'கண்டறியப்படவில்லை' என்பதற்கு 'இல்லை' என்று பொருளன்று. 'அதற்குரிய சோதனையை நாங்கள் செய்யவில்லை' என்றே பெரும்பாலும் பொருள். கட்டுவிரியன் கடியில் இது இன்னும் கொடுமையாகிறது. அது இரவில் வரும். தரையில் உறங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ அநேகமாக இராது. கடித்த தடமே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கடிபட்டவருக்கே கடிபட்டது தெரியாத ஒரு சாவுக்குச் சாட்சி சொல்ல ஆய்வுக்கூடத்தை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் 2017இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தொழுநோய், யானைக்கால், காலா அசார், வெறிநாய்க்கடி ஆகியவை அதே பட்டியலில் உள்ளவை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020இல் வெளிவந்த பெரும் ஆய்வொன்று கணித்தது. இறந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பெரும்பாலானோர் கிராமத்தில், வீட்டிலேயே இறந்தவர்கள். அரசு மருத்துவமனைகளின் கணக்கில் ஏறியது இதில் ஒரு சிறு பங்கே. எனவே இந்த எண்ணிக்கையைப் பதிவேடுகளைக் கூட்டிப் பெற முடியவில்லை; இறந்தோரின் வீடுகளுக்குச் சென்று, அவர் எப்படி இறந்தார் என்று உறவினரிடம் கேட்டுத்தான் பெற முடிந்தது. என் மாணவனின் வீட்டை அப்படி யாரும் கேட்கவில்லை.

கருத்தரங்கின் தலைப்பில் இருந்த இரண்டாவது தொடருக்கு வருகிறேன். தடயவியல் உயிர்த்தொழில்நுட்பம் இன்று சந்தையுள்ள படிப்பு. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு வரவேண்டும் என்கிறது. ஏற்பாடுகளுக்கு மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. வல்லுநர் தேவை என்றதும் படிப்புகள் முளைக்கின்றன; தவறில்லை. ஆனால் அதே சட்டத்தின் 194ஆம் பிரிவு, விலங்கால் கொல்லப்பட்டவரின் சாவையும் காவல்துறை விசாரிக்க வேண்டும் என்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவும் அதையே சொன்னது. பாம்புக்கடிச் சாவு இந்நாட்டில் மருத்துவ நிகழ்வு மட்டுமன்று, தடயவியல் நிகழ்வும்கூட. கருத்தரங்கின் தலைப்பில் 'உம்' போட்டு இணைத்த இரண்டும் உண்மையிலேயே சந்திக்கும் இடம் பிணவறையின் அந்த மேசைதான். இரண்டு நாளில் படிக்கப்பட்ட கட்டுரைகள் எதுவும் அந்த மேசைப் பக்கம் போகவில்லை.

இதில் வரலாறு செய்த ஒரு கேலியையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் மரபணு ரேகை ஆய்வு ஒரு பாம்பிலிருந்து வந்தது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் லால்ஜி சிங். பின்னர் எடின்பரோவில் பணியாற்றியபோது, நம் கட்டுவிரியனுக்கு நெருங்கிய உறவான பட்டைக் கட்டுவிரியனின் பால்நிர்ணயக் குரோமோசோமில் திரும்பத் திரும்ப வரும் ஒரு மரபணுத் தொடரை அவரும் உடனாய்வாளரும் இனங்கண்டனர். ஹைதராபாத்தில் 1988 வாக்கில் மனிதரை இனங்காண அவர் உருவாக்கிய முறைக்கு அதுவே கருவியாயிற்று. தலச்சேரியில் நடந்த தந்தைமை வழக்கொன்றில் அம்முறை நீதிமன்றம் ஏறியது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கின் புலனாய்விலும் அது பயன்பட்டது.

திருப்பெரும்புதூர் இருந்த அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில்தான் வடநெம்மேலியும் இருந்தது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர்கள் 1978இல் தொடங்கிய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே உள்ளது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். பல்லாண்டுகளாக நாட்டின் நச்சுமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்தே சென்றது. அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து மருந்தெடுக்கும் முறையின் அடிப்படை 1890களில் கால்மெட் காலத்தில் வகுக்கப்பட்டது. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் ஊருக்கு ஊர் வேறுபடுவதால், தமிழக நஞ்சில் செய்த மருந்து மற்றப் பகுதிகளில் அதே அளவு வேலை செய்வதில்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நல்லபாம்பின் முழு மரபணுத்தொகுதியும் 2020இல் வெளியாகிவிட்டது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று கிடைப்பது குதிரைக் குருதி மருந்துதான். ஒரே பாம்புக் குடும்பத்திலிருந்து கிளம்பிய அறிவு நீதிமன்றத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. வயல் வரப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வேண்டும் என்று நினைத்தால் முடியும் என்பதற்கும் சான்றுண்டு. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் 2020இல் ஒருவன் நல்லபாம்பைக் கடிக்கவைத்துத் தன் மனைவியைக் கொன்றான். புதைத்த பாம்பைத் தோண்டியெடுத்து ஆய்ந்தார்கள். பொம்மையைக் கிடத்தி உயிருள்ள பாம்பைக் கொண்டு கடிவாயின் அகலத்தை அளந்து, தானாகக் கடித்ததற்கும் தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்கவைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை நீதிமன்றத்தில் வைத்தார்கள். 2021 அக்டோபரில் அவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது. பாராட்டத்தக்க பணி. ஆனால் பாம்பு தானாகவே கடித்துச் சாகும் கூலிப்பெண்ணுக்கு அதில் ஒரு சிறு பங்கு உழைப்பும் கிடைப்பதில்லை. கடிவாயில் ஒற்றியெடுத்த மாதிரியிலிருந்து பாம்பின் மரபணுவைப் பிரித்து இனத்தை அறியலாம் என்று நேபாளத்தில் செய்துகாட்டியிருக்கிறார்கள். நம் முதுகலை மாணவர்களோ ஏதாவது ஓர் இலையைச் சாறெடுத்து நான்கு பாக்டீரியாக்களின் மேல் ஊற்றி, வட்டத்தின் விட்டத்தை அளந்து ஆய்வேடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் இலை மட்டும் மாறுகிறது.

'அடிப்படை அறிவியலைத் தேவையின் கயிற்றில் கட்டாதீர். லால்ஜி சிங் கொலைகாரனைத் தேடியா பாம்பை ஆராய்ந்தார்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயன் கருதாத ஆய்வை நான் மறுக்கவில்லை. பாம்பின் குரோமோசோமில் மூழ்கியவர் எதையோ தேடினார், வேறெதையோ கண்டெடுத்தார். நான் குறைசொல்வது எதையுமே தேடாதவர்களை. சான்றிதழுக்கும் தரவரிசைப் புள்ளிக்கும் நடத்தப்படும் பயிற்சி அடிப்படை அறிவியலும் ஆகாது, பயன்பாட்டு அறிவியலும் ஆகாது.

'தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?' என்றும் கேட்பார்கள். இருக்கிறது. எங்கள் துறையின் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழில் கண்ணாடிவிரியனும் விரியன், சுருட்டைவிரியனும் விரியன், கட்டுவிரியனும் விரியன். முதலிரண்டும் குருதியை உறையவிடாமல் செய்பவை. கட்டுவிரியனோ அவற்றின் இனமே அன்று; நல்லபாம்பின் குடும்பத்தது, நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்துவது. அதையே ஓரூரில் எண்ணெய்விரியன் என்பார்கள், இன்னோரூரில் எட்டடிவிரியன் என்பார்கள். 'விரியன் கடித்தது' என்று உறவினர் சொல்ல, பணியிலிருப்பவர் கண்ணாடிக் குழாயில் இரத்தமெடுத்து இருபது நிமிடம் வைத்துப் பார்த்து, உறைந்துவிட்டது, அச்சமில்லை என்று எண்ணிவிட்டால் என்ன ஆகும்? சரிந்த இமையைக் கவனிக்கத் தவறினால் என்ன ஆகும்? ஒரு சொல் ஓர் உயிரைப் பிழைக்க வைக்கவோ சாகவிடவோ கூடிய இடம் இது. வட்டாரந்தோறும் பாம்புப் பெயர்களைத் திரட்டி, எந்தப் பெயர் எந்தப் பாம்பைக் குறிக்கிறது என்று படத்தோடு ஒரு கையகராதி செய்வது எவருடைய வேலை? எங்களுடையது. நாங்களோ 'இலக்கியங்களில் பாம்பு' என்று பட்டம் வாங்கிக்கொண்டிருக்கிறோம். களத்துக்குப் போனதில்லை, இருளர் ஒருவரிடம் பேசியதில்லை. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாட்டின் குடிமை விருது அவர்களைக் கண்டுகொண்டது. ஒரு வகுப்பறையாவது அவர்களைப் போன்றோரை ஆசிரியராக அழைத்து நாற்காலி தந்ததா?

மாற்றத்துக்கான வாசல் திறந்தே இருக்கிறது. பாம்புக்கடிச் சாவுகளை 2030க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை நடுவணரசு 2024 மார்ச்சில் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் பதிவாக வேண்டும். பதிவானதைச் சரிபார்க்க நஞ்சறியும் சோதனையும், கடிவாய் மாதிரியிலிருந்து இனமறியும் சோதனையும் தெரிந்த கைகள் மாவட்டந்தோறும் வேண்டும். உயிர்த்தொழில்நுட்பத் துறையுள்ள பல்கலைக்கழகம் எதற்கும் இது இயலாத காரியமன்று. இரண்டு நாள் கருத்தரங்குகள் சிலவற்றைக் கைவிட்டாலே தொடக்கச் செலவுக்குப் பணம் மிஞ்சும்.

கருத்தரங்கு முடிந்த மறுவாரம் வகுப்பில் செயப்பாட்டுவினை நடத்தினேன். 'நோய் புறக்கணிக்கப்பட்டது' என்று கரும்பலகையில் எழுதி, இதைச் செய்வினையாக மாற்றுங்கள் என்றேன். 'அரசு நோயைப் புறக்கணித்தது' என்றாள் ஒருத்தி. 'மருந்துக் கம்பெனி' என்றான் ஒருவன். கடைசி வரிசையிலிருந்த என் மாணவன் எழுந்து, என்னைப் பார்த்தபடியே, "பல்கலைக்கழகம் நோயைப் புறக்கணித்தது, ஐயா" என்றான்.

இலக்கணப்படி மூன்றும் சரி. முழு மதிப்பெண் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க முடியும் என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.