தகடா, கம்பியா: யாருடைய தோளுக்கு?

காறை எலும்பு முறிவுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு அதன் நடுப்பகுதியில் நிகழ்கின்றன. அங்கே தகடு பொருத்துவதா, எலும்பின் உள்ளே டைட்டானியக் கம்பி செலுத்துவதா என்பது இந்திய மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை ஆய்வேடுகளில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படும் தலைப்பு.

அதற்கு முந்தைய கேள்வி, அறுவை தேவையா என்பது. 1960இல் நீர் வெளியிட்ட ஆய்வில், அறுவையின்றிக் குணமாக்கப்பட்ட 2,235 பேரில் மூவருக்கே எலும்பு கூடவில்லை. 2007இல் வெளிவந்த கனடிய ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. முற்றிலும் விலகிய முறிவுகளில், கைத்தாங்கு பட்டை மட்டும் அணிந்த 49 பேரில் ஏழு பேருக்கு எலும்பு கூடவில்லை. தகடு பொருத்தப்பட்ட 62 பேரில் இருவருக்கு மட்டுமே அந்நிலை. ஆனால் 2019ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வோ, தோளின் செயல்திறனில் அறுவை கூடுதல் பயன் தராமற்போகலாம் என்றே முடித்தது. எனவே ஒவ்வொரு முறிவுக்கும் அறுவை என்பது அறிவியலன்று.

அறுவை தேவைப்படும்போது இரு முறைகளுக்கும் தனித்தனி நியாயம் உண்டு. தகடு முறுக்கத்தைத் தாங்கும். எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியிருந்தால் அதுவே பொருத்தம். ஆனால் வெட்டு நீளமானது. தோல் நரம்புகள் அறுபட்டு மார்பின் மேற்பகுதி மரத்துப்போகலாம். கம்பிக்குச் சிறு துளை போதும், தழும்பும் சிறிது. ஆயினும் நொறுங்கிய எலும்பு அதன்மீது சரிந்து குறுகலாம். கம்பியின் நுனி மார்பெலும்பின் அருகே தோலை உறுத்தலாம். எலும்பு கூடியபின் கம்பியைப் பெரும்பாலும் அகற்ற நேர்கிறது.

ஓராண்டின் முடிவில் இருசாராரின் மதிப்பெண்களும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைகின்றன. அந்த மதிப்பெண் எதை அளக்கிறது என்பதே இங்கு முக்கியம். பரவலாகப் பயன்படும் 'டாஷ்' வினாத்தாளின் 30 வினாக்களுள் ஒன்று கோல்ஃபையும் டென்னிஸையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. தோளில் மூட்டை சுமப்பதைப் பற்றி ஒரு வினாவும் இல்லை. தொழில் சார்ந்த நான்கு வினாக்கள் விருப்பப் பகுதியாக ஒதுக்கப்பட்டுள்ளன. சந்தையில் மூட்டை தூக்குபவருக்குத் தோலடியில் துருத்தும் தகடு நாள்தோறும் வலி; கம்பியை அகற்றும் இரண்டாம் அறுவையோ மீண்டும் கூலியிழப்பு. இந்த இழப்புகள் மதிப்பெண்ணில் முழுமையாக ஏறுவதில்லை.

ஆகவே இந்திய ஆய்வுகள் இரு செய்திகளைக் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும்: நோயாளி தம் பழைய வேலைக்கே திரும்ப எத்தனை நாள் ஆயிற்று, உலோகத்தை அகற்ற மொத்தம் எவ்வளவு செலவாயிற்று. முதல் அறுவைக்குக் கையொப்பம் வாங்கும்போதே இரண்டாவது அறுவை நேரலாம் என்பதையும் அவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் ஒரு முறையை மற்றதைவிடச் சிறந்தது எனத் தீர்ப்பது அரைகுறை ஒப்பீடே.