15 சதவீதத்தை அளப்பது யார்?



வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. ஓடுகளைச் சரிபாருங்கள், தகரத்தை இறுக்கிக் கட்டுங்கள், ரேஷன் அட்டையைப் பாலித்தீன் பையில் வையுங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லப் போகிறார்கள். சொல்லட்டும். 1952, 1977, 2018 என்று நவம்பர் புயல்களைப் பார்த்துவிட்ட நாகப்பட்டினம் கடற்கரைக்கு இது புதிதல்ல. எங்கள் கவலை புயல் போன மறுநாளைப் பற்றியது.

2018-இல் கஜா புயல் கரையைக் கடந்த பின், ஓடு பறந்த வீடுகளில் தார்ப்பாய் போடப் போனவர்களை, "கணக்கெடுக்க வரும்வரை எதையும் தொடாதீங்க" என்று தடுத்தார்கள். கணக்கெடுப்பவரும் விழுந்த மரங்களைத் தாண்டித்தான் வர வேண்டும். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மழை அதுவரை பொறுக்குமா? பேச்சைக் கேட்டவர்களின் மண்சுவர் நனைந்து சரிந்தது. கேட்காமல் கூரை வேய்ந்தவர்களின் பெயர் பட்டியலிலேயே இல்லை.

2022-இல் வந்த மத்திய அரசின் நிவாரண நெறிப்படி, சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதி சேதமென்றால் காரை வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. அதுவும் குறைந்தது 15 சதவீதமாவது சேதமாகியிருக்க வேண்டும். நாலு சுவரும் நிற்கிறது, கூரை மொத்தமும் போய்விட்டது. இது முழுதா, பகுதியா? எந்த நாடாவை வைத்து அளப்பார்கள்? வாசலில் நின்று பார்த்து எழுதும் ஒரு சொல்லில் லட்ச ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. அங்கீகாரம் பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. புறம்போக்கில் தலைமுறையாகக் குடியிருப்பவர் வீட்டைப் புயல் என்ன, பட்டா கேட்டுவிட்டா இடிக்கிறது?

மழைக்கு முன்பே ஊராட்சிதோறும் ஒவ்வொரு வீட்டையும் படமெடுத்து, சுவர் எது, கூரை எது என்று பதிந்து வையுங்கள். புயலுக்குப் பின் வீட்டுக்காரர் செல்போனில் எடுத்த படத்தையும் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த வீட்டுக்கு என்ன சேதம் எழுதப்பட்டது என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுங்கள். தார்ப்பாய் போட்டதற்காக யாருக்கும் நிவாரணம் மறுக்கப்படாது என்பதை மாவட்ட ஆட்சியர் அக்டோபருக்கு முன்பே எழுத்துப்பூர்வமாக அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேதாரண்யம் வட்டம்.